துணைக்கு ஆள் வேண்டாத ஒரு நாள்

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், சமையல் கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவே சலவைப் பிரிவு இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவந்த பெண்ணை எல்லோரும் ஆவியக்கா என்று கூப்பிட்டார்கள். முன்பொரு மழைநாள் விடிகாலையில் வழி தெரியாமல் உள்ளே நுழைந்த புது நர்ஸ் ஒருத்தி, இஸ்திரி உருளை இயந்திரத்திலிருந்து கிளம்பிய நீராவிக்கு நடுவில் வெள்ளைத் துணியைப் பிடித்தபடி நின்ற உருவத்தைப் பார்த்தாளாம். பக்கத்து அறை என்ன அறை என்பதும் அதே நேரத்தில் ஞாபகம் வந்துவிட, அலறியடித்துக்கொண்டு ஓடினாளாம். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். ஆவியக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பயந்து ஓடினவளே சிரிச்சுட்டா, எனக்கென்ன?" என்பாள்.

பெயர்தான் ஆவி, குரல் அப்படியில்லை. நாலு துவைக்கும் இயந்திரம், இரண்டு உலர்த்தும் இயந்திரம், ஓர் உருளை எல்லாம் சேர்ந்து ஓடும்போது அந்தக் கூடத்தில் சாதாரணப் பேச்சு எடுபடாது. "மூணாவது மாடி விரிப்பு எங்கே?" என்று ஆவியக்கா ஒரு குரல் கொடுத்தால் பக்கத்துச் சமையல் கூடத்தில் கரண்டி ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மறுபடி கிண்டும்.

அவளுடைய மேஜைக்கு எதிரே ஒரு ஜன்னல். மழை பெய்து ஓய்ந்த காலைகளில் அதில் மூன்று மலைகள் வரிசையாகத் தெரியும். ஊரில் அவற்றுக்கு முறையான பெயர்கள் இருந்தன. ஆவியக்கா தன் வசதிக்கு குட்டை, நெட்டை, மொட்டை என்று வைத்துக்கொண்டாள். உயரம் குறைந்தது ஒன்று, கூராக ஓங்கியது ஒன்று, உச்சியில் மரமே இல்லாதது ஒன்று. விரிப்பின் ஒரு முனையை உருளைக்குள் கொடுத்துவிட்டு மறு முனை வெளியே வருவதற்குள் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். இதனாலேயே துவைக்கும் இயந்திரங்களைக் கவனிக்கும் மெஷின்காரருக்கும் அவளுக்கும் ஆகாது. ஜன்னல் திறந்திருந்தால் ஈரத் துணியில் தூசி படிகிறது என்பது அவர் வாதம். மூடினால் கண்ணாடியில் ஆவி படிந்து மலை மறைந்துபோகிறது என்பது அவள் வாதம். ஒருநாள் வாய்ப்பேச்சு முற்றி, அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் விடாத இருமல் என்று படம் எடுக்கப் போனவளின் வலது நுரையீரலில், கீழ்ப் பகுதியில், கட்டி இருப்பது தெரிந்தது. அந்தப் பகுதியையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதே ஆஸ்பத்திரியில், ஐந்தாவது மாடியில், தான் இஸ்திரி போட்ட விரிப்பின்மேலேயே அவள் படுத்தாள். மயக்கம் தெளிந்ததும் முதலில் கையால் விரிப்பைத் தடவிப் பார்த்து, "ஓரம் சுருங்கியிருக்கு, நான் இல்லேன்னா இப்படித்தான்" என்று முனகியதாக நர்ஸ்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் சிரிப்புக்கு அவ்வளவாக இடமில்லை. மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். அதில் மூன்று பந்துகள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே போக வேண்டும். முதல் பந்தே அவளுக்கு மூன்று நாள் கழித்துத்தான் அசைந்தது. அவளுடைய கணவர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். காலை நடை முடிந்ததும் யூனிஃபார்மோடு ஓடிவந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் சேர்ந்து மூச்சை இழுப்பார். நாத்தனார், அதாவது அவர் தங்கை, பள்ளிச் சீருடை தைப்பவள். தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்து நாலு மாதம் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது என்று அவள் ஒரு சட்டம் போட்டாள். ஆவியக்கா உள்ளே போனால் இவள் வெளியே நின்று, "அண்ணி, மூச்சு வாங்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். படி ஏறினால், "மூச்சு வாங்குதா?" பல் தேய்த்தால், "மூச்சு வாங்குதா?" வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் ஹலோ சொல்வதற்கு முன்னால் அதைத்தான் கேட்பாள்.

நாலு மாதம் கழித்து வேலையில் சேரப் போன அன்று, தன் விடுப்பு எவ்வளவு மிச்சம் என்று அலுவலகத்தில் விசாரித்தாள். கிளார்க் ஏதோ தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "உங்க லீவு எப்பவோ தீர்ந்துபோச்சும்மா. அதுக்கப்புறம் நீங்க மத்தவங்க லீவுலதான் இருந்தீங்க. சலவைப் பிரிவுல எல்லாருமே எழுதிக் கொடுத்திருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. ஒருவரும் மூச்சு விடவில்லை. எல்லோரையும்விட அதிகமாக எழுதிக் கொடுத்திருந்தவர் மெஷின்காரர். அன்று மதியம் அவர் முன்னால் போய் நின்றாள். மூன்று வருஷப் பேசாமைக்குப் பிறகு வார்த்தை எங்கிருந்து கிளம்பும்? அவரே தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி சரி, போய் வேலையைப் பாருங்க. ஜன்னலை மட்டும் பாதி மூடுங்க" என்றார். அவள் பாதி மூடினாள். அந்தப் பாதியில் நெட்டையும் மொட்டையும் தெரிந்தன. குட்டை போய்விட்டது.

அந்தப் பாதி ஜன்னல் வழியாகத்தான் அவளுக்கு ஆசை புகுந்தது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரியின் ஐந்து மாடிப் படியையும் ஏறி இறங்கினாள். ஒரு தரம், பிறகு இரண்டு தரம், ஆறு மாதத்தில் ஆறு தரம். ஒரு வருஷம் முடிந்து எடுத்த படத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது. "இனி என்ன பண்ணணும்னு தோணுதோ பண்ணுங்க" என்றார் டாக்டர். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மலையையும் ஒரே நாள்ல நடந்து பார்க்கப் போறேன். தனியா" என்று சாப்பாட்டு மேஜையில் அறிவித்தாள்.

படத்தின் முடிவு கேட்டு வந்து தங்கியிருந்த நாத்தனாருக்குக் கையில் இருந்த தட்டு நழுவப் பார்த்தது. "தனியாவா? இருக்கிற ஒண்ணரை நுரையீரலை வெச்சுக்கிட்டா?"

"ஒண்ணரை இல்ல. அஞ்சுல நாலு பங்கு இருக்குன்னு டாக்டரே சொன்னாரு."

"அண்ணே, நீ ஏதாவது சொல்லேன்!"

கணவர் தொண்டையைச் செருமினார். "நானும் வரேனே. அம்பதடி பின்னாலயே வரேன். வாயே திறக்க மாட்டேன்."

"நீங்க வாயைத் திறக்காம பின்னால வந்தா, அது எனக்கு இன்னும் சத்தமாக் கேட்கும்" என்றாள் ஆவியக்கா. அப்புறம் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நீங்க யாரும் எனக்கு ஒரு குறையும் வெக்கல. என் மூச்சை ஒரு வருஷமா நீங்கதான் எண்ணிட்டு இருக்கீங்க. ஒரே ஒரு நாள் நானே எண்ணிக்கிறேனே."

அடுத்த இரண்டு வாரம் நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, மழைக்கு ஒரு மேலங்கியைத் தைத்து முடித்தாள். உள்ளே ஐந்து பை, வெளியே நாலு பை. எது எந்தப் பையில் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அதையும் ஒரு பையில் வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் குட்டையின் அடிவாரத்தில் இறக்கினார். மலைகளுக்கு அந்தப் பக்கம் உள்ள தார்ச்சாலையில், டீக்கடைக்கு முன்னால், சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் நிற்க வேண்டும் என்பது பேச்சு. போகும்போது அவர் எதையோ கேட்க வாயெடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

அடிவாரத்தில் வனக்காவலர் குடிசை. உள்ளே ஒரு மேஜை, ஒரு நோட்டு, மண்ணெண்ணெய் அடுப்பில் கொதிக்கும் தண்ணீர். காவலர் நாற்பது வயதுப் பெண்மணி. நோட்டில் நேரத்தை எழுதச் சொல்லிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"தனியாவா?"

"தனியாத்தான்."

"உங்களுக்கு முன்னால ஒரு பெரியவர் தனியாப் போயிருக்கார். இன்னிக்கு எல்லாரும் வீட்ல சண்டை போட்டுட்டு வந்தீங்களா?" என்று சிரித்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "பாருங்கம்மா, வழி முழுக்கப் பாறையில மஞ்சள் அம்புக்குறி இருக்கும். ஒரு குறிகிட்ட நின்னா அடுத்த குறி தெரியணும். மூடுபனி வந்து அடுத்தது தெரியலேன்னா, இருக்கிற இடத்துலயே நில்லுங்க. தேடிப் போகாதீங்க. அரை மணி ஆனாலும் சரி, ஒரு மணி ஆனாலும் சரி. போறவங்க எல்லாம் நிக்கத் தெரியாமத்தான் மாட்டிக்கிறாங்க."

குட்டை அவளை மிரட்டவில்லை. மரங்களுக்கு நடுவே ஏறும் பாதை, வேர்களே படிகள். இருபது அடி நடப்பாள், நிற்பாள், மூச்சு எண்ணுவாள், மறுபடி இருபது அடி. இடையில் இரண்டு இளம் ஜோடிகள் அவளைத் தாண்டிப் போய், குட்டையின் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு, அவள் ஏறி முடிப்பதற்குள் திரும்பி இறங்கியும் விட்டார்கள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. உச்சியில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதில் உட்கார்ந்து ஷூ கயிற்றைத் தளர்த்தினாள். போன் அடித்தது.

"அண்ணி, ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றாள் நாத்தனார். "இந்தக் குளியலறைக் குழாயை எந்தப் பக்கம் திருகினா மூடும்?"

நாலு மாதம் அதே குழாயில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்தவள் கேட்கிற கேள்வி. ஆவியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வலது பக்கம் திருகு. நான் குட்டை மேல உட்கார்ந்திருக்கேன். மூச்சு வாங்கல."

"நான் அதைக் கேட்கவே இல்லையே!" என்று சொல்லி நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.

குட்டையிலிருந்து இறங்கி நெட்டைக்கு ஏறும் இடைவெளியில்தான் மூடுபனி வந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. முன்னால் இருந்த சரிவு வெளுத்தது, பிறகு பக்கத்துப் புதர் வெளுத்தது, பிறகு அவளுடைய ஷூவே மங்கலாகிவிட்டது. கையெட்டும் தூரத்தில் ஒரு பாறை, அதில் ஒரு மஞ்சள் அம்பு. அடுத்த அம்பைக் காணோம். உள்ளங்கையை அம்பின்மேல் வைத்து நின்றாள்.

இருபத்திரண்டு வருஷம் ஆவிக்குள் நின்றவளுக்கு இதில் என்ன புதுசு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த ஆவி சுடும், சோப்பு வாடை அடிக்கும், அதற்குள் பத்துப் பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். இது குளிர்ந்தது. நனைந்த கல்லின் வாசனை. சத்தம் என்றால் அவளுடைய மூச்சின் சத்தம் மட்டும்தான். பத்து நிமிஷம் ஆனது. இருபது ஆனது. பனி விலகாமலே போனால்? இங்கேயே நெஞ்சு அடைத்தால்? போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் செத்துக் கிடந்தது. "மூச்சு வாங்குதா?" என்று யாராவது கேட்டால் தேவலை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எந்தக் கேள்விக்குத் தப்பித்து இவ்வளவு தூரம் வந்தாளோ, அதே கேள்வி!

யாரும் இல்லாததால் தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை, வாங்கவில்லை. உள்ளே போகிறது, வெளியே வருகிறது, தடங்கல் இல்லாமல். பிறகுதான் அந்த ஒரு வருஷம் அவள் முன்னால் வந்து நின்றது. கூடவே மூச்சு இழுத்துப் பழகிய கணவர், அதில் அவருக்கே ஒருநாள் தலை சுற்றிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டது. குளியலறை வாசலில் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்ற நாத்தனார். தங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் எடுக்க வேண்டிய லீவை எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி வாயே திறக்காமல் உருளைக்கு விரிப்பு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். அப்போதெல்லாம் அவளுக்குக் கூச்சம்தான் முன்னால் வந்தது. ஒவ்வொருவருக்கும் எதையாவது திருப்பிச் செய்துவிட வேண்டும் என்ற பதைப்பு. இந்த வெள்ளைக்குள் யாருக்கும் எதையும் செய்ய வழியில்லை. நின்று நினைத்துப் பார்க்க மட்டும்தான் முடிந்தது. நினைக்க நினைக்க நெஞ்சுக்குள் இதமாக ஏதோ பரவியது. அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து தள்ளித்தான் தன்னை இந்தப் பாறைவரை ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது.

அப்போது இடது பக்கம், கீழிருந்து, ஒரு குரல் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா?"

முதலில் பிரமை என்று நினைத்தாள். மறுபடி கேட்டது. வயதான குரல், நடுங்கியது. காவலர் சொன்ன பெரியவர்! ஆவியக்கா வாயைத் திறந்து பதில் கொடுத்தாள். வந்தது கதவு கிறீச்சிடுவதுபோல ஒரு சத்தம். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. கத்தினால் உள்ளே ஏதாவது பிய்ந்துவிடுமோ என்று பயந்து, சலவைக் கூடத்தில் இப்போதெல்லாம் கைச்சாடைதான்.

கண்ணை மூடிக்கொண்டாள். குழாயை வாயில் வைத்ததுபோல நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். முதல் பந்து, இரண்டாவது பந்து, மூன்றாவது. பிடித்து நிறுத்தினாள். விட்டாள்.

"இங்க இருக்கேன்! சத்தம் வர்ற பக்கம் வாங்க!"

மலை அதிர்ந்ததோ இல்லையோ, அவள் அதிர்ந்துபோனாள். பழைய குரல், அப்படியே, அடிவயிற்றிலிருந்து.

"எந்தப் பக்கம்னு தெரியல தாயீ! விட்டுடாதீங்க, பேசிக்கிட்டே இருங்க!" என்றது கீழே இருந்த குரல்.

எவ்வளவு நேரம்தான் "இங்க, இங்க" என்று கத்துவது? நாலு தரத்துக்குமேல் அவளுக்கு வார்த்தை வறண்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக வாய் எதைக் கத்திப் பழகியதோ அது தானாக வந்தது. "ரெண்டாவது மாடி, விரிப்பு நாப்பது! தலையணை உறை எம்பது! மூணாவது மாடி, விரிப்பு முப்பது! பிரசவ வார்டு, துண்டு நூறு!" நடுவே நிறுத்தி மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி. ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி, குழந்தைகள் வார்டு போர்வை, டாக்டர்களின் கோட்டு என்று ஆஸ்பத்திரி முழுவதையும் இரண்டு சுற்றுக் கத்தி முடிப்பதற்குள், சரளைக்கல் உருளும் சத்தம் பக்கத்தில் வந்தது. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. பற்றி இழுத்தாள்.

அறுபத்தெட்டு வயதிருக்கும். கண்ணாடி முழுக்க ஆவி. ஒரு கையில் உள்ளங்கை கிழிந்து ரத்தம். பாறையோடு சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவள் அறியாமலே அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. "மூச்சு வாங்குதா?"

"வாங்குது, வாங்குது. வாங்குற வரைக்கும் நல்லது" என்றார் அவர். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். பனி வந்ததும் குறுக்கு வழி என்று எதையோ நம்பி அம்புக்குறியை விட்டு விலகியிருக்கிறார். சரளையில் சறுக்கி, ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார். "முப்பத்தெட்டு வருஷம் ஒரு கடிதாசி வழி தப்பிப் போனதில்லம்மா. இன்னிக்கு நானே வழி தப்பிப் போயிட்டேன்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"பெரிய ஆஸ்பத்திரில சலவைப் பிரிவு. என்னை ஆவின்னு கூப்பிடுவாங்க."

தபால்காரர் தலையைத் திருப்பினார். சுற்றிலும் இருந்த வெண்மையைப் பார்த்தார். "ஏம்மா, இந்த இடத்துல, இந்த நேரத்துல, அப்படிச் சொல்லலாமா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமலே வந்துவிட்டது. முகம் துடைக்க என்று வீட்டிலிருந்து ஒரு தலையணை உறை கொண்டுவந்திருந்தாள், மடிப்புக் கலையாமல். அதைக் கிழித்து அவர் கையைக் கட்டினாள். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

பனி வந்ததுபோலவே சொல்லாமல் கொள்ளாமல் விலகியது. அடுத்த அம்பு தெரிந்தது, பத்து எட்டு வைக்கும் தூரத்தில்தான் இருந்தது. இடது பக்கச் சரிவும் தெரிந்தது. அவர் பிடித்துக்கொண்டிருந்த புதரும் தெரிந்தது. அந்தப் புதருக்குக் கீழே நாலைந்து அடியில் தரை முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் வெறும் காற்று. வெகு ஆழத்தில் மரங்களின் தலைகள்.

தபால்காரர் அதைப் பார்த்தார். டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் அந்தப் பக்கம்தான் நடக்கலாம்னு இருந்தேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. "நீங்க துண்டு நூறுன்னு கத்தாம இருந்தா..." கட்டுப் போட்ட கையையும் மறு கையையும் சேர்த்து அவள் முன்னால் கூப்பினார்.

மெஷின்காரர் அன்று ஏன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. "சரி சரி, டீ ஆறுது, குடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

இனி மேலே ஏற வேண்டாம், குட்டை வழியாகத் திரும்பி இறங்குகிறேன் என்றார் அவர். வெயில் எட்டிப் பார்த்தது. அம்புகள் வரிசையாகத் தெரிந்தன. "நீங்களும் வந்துடுங்களேன். துணைக்கு ஆச்சு."

"இல்லங்கய்யா. இன்னிக்கு எனக்குத் துணை வேண்டாம்னுதான் கிளம்பி வந்தேன். நீங்க ஜாக்கிரதையாப் போங்க. காவலர்கிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அதற்காகவும் அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் தலை குட்டையின் தோளைத் தாண்டி மறையும்வரை பார்த்துவிட்டு எழுந்தாள்.

நெட்டை கால்களைப் பிழிந்து எடுத்துவிட்டது. கடைசி நூறு அடியில் கையையும் ஊன்றி ஏற வேண்டியிருந்தது. ஐந்து அடிக்கு ஒரு தரம் நின்றாள். உச்சியில் கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். மற்றபடி பார்க்க ஒன்றுமில்லை. மறுபடி பனி மூடி, நாலு பக்கமும் ஒரே சுண்ணாம்புச் சுவர். ஜன்னலில் இத்தனை வருஷம் பார்த்த உச்சியில் உட்கார்ந்திருக்கிறாள், அங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லை! ஆனால் ஏமாற்றமாக இல்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு அவித்த முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டாள். உப்பு எங்கே என்று தெரியவில்லை. தாளை எடுத்துப் பார்த்தாள். "உள்ளே, இடது, மூணாவது பை" என்று எழுதியிருந்தது. இருந்தது. அந்த ஈரக் காற்றில் உப்புத் தொட்டுத் தின்ற முட்டையின் ருசியை அவள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நெட்டையிலிருந்து மொட்டைக்கு நீண்ட முதுகு. ஏற்றமும் அதிகமில்லை, மரமும் இல்லை, முழங்கால் உயரப் புல் மட்டும். புல்லின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு நின்றது. நடக்க நடக்கக் கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது. ஒருமுறை காட்டாடுகள் போலச் சில பழுப்பு உருவங்கள் பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டு, அவளைப் பார்த்து, அவசரப்படாமல் மறுபடி உள்ளே போயின. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரும் இல்லை. முதல் தடவையாக அது நன்றாகவும் இருந்தது. மெல்ல நடந்தாள். மூச்சை எண்ணுவதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

மொட்டையின் உச்சியில் நின்றபோது மணி இரண்டரை. அங்கேதான் காற்று பனியைத் தூக்கி அப்பால் போட்டது. ஒரு பக்கம் ஊர். தீப்பெட்டிகளைக் கவிழ்த்துவைத்த மாதிரி வீடுகள், நடுவில் ஆஸ்பத்திரி, அதன் பின்பக்கம் சலவைப் பிரிவின் புகைபோக்கி. மறுபக்கம் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தப் பக்கம் மலைகள். இரண்டு மூன்று இல்லை, வரிசை வரிசையாக, ஒன்றின் தோளுக்குப் பின்னால் இன்னொன்று, கடைசி வரிசை வானத்தின் நிறத்திலேயே கரைந்து கிடந்தது. இருபத்திரண்டு வருஷமாக மூன்றே மூன்று என்று நினைத்திருந்தாள். ஜன்னலுக்கு முன்னால் நின்றவை அந்தக் கூட்டத்தின் வாசல்தான். போன வருஷம் ஐந்தாவது மாடிக் கட்டிலில் கிடந்தபோது தன்னிடம் மிச்சம் இருப்பது எவ்வளவு என்று ஓயாமல் மனசுக்குள் அளந்தது ஞாபகம் வந்தது. அவ்வளவையும் இங்கே யாரோ விரித்துப் போட்டு வைத்திருந்த மாதிரி இருந்தது. "அடேயப்பா" என்றாள் வாய்விட்டு. கண்ணில் நீர் வந்தது. காற்றுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள அங்கே யாரும் இல்லாததால் அதை வழியவிட்டாள்.

இறக்கம்தான் அவளைக் கொன்றது. ஏறும்போது நெஞ்சு கேட்ட கேள்வியையெல்லாம் இறங்கும்போது முழங்கால் கேட்டது. ஈரப் புல்லில் இரண்டு தரம் வழுக்கினாள். மூன்றாவது தரம் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே இருபது அடி சறுக்கி இறங்கினாள், சின்னப் பிள்ளை மாதிரி. பார்க்க ஆள் இல்லாத நாளின் லாபம் அது. நாத்தனாரின் மேலங்கி பின்பக்கம் முழுக்கச் சேறு.

தார்ச்சாலை கண்ணுக்குத் தெரிந்தபோது ஐந்தேகால். டீக்கடைக்கு முன்னால் ஸ்கூட்டர் நின்றது. அதன்மேல் கணவர், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி. அவளைக் கண்டதும் எழுந்தார். ஓடிவரவில்லை. இரண்டு எட்டு வைத்துவிட்டு, பேச்சு ஞாபகம் வந்ததுபோல நின்றுகொண்டார்.

"சார் பதினொரு மணிக்கே வந்துட்டாரும்மா" என்று டீக்கடைக்காரர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "இது அவருக்கு ஏழாவது டீ."

கணவர் காது மடல் சிவந்தது. "வீட்ல சும்மா உட்கார்ந்து என்ன பண்றதுன்னு..."

ஆவியக்கா அவர் பக்கத்தில் வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து கால்களை நீட்டினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் கேட்காமல், "டீ சொல்லவா?" என்றார்.

"சொல்லுங்க. ரெண்டு சொல்லுங்க. நீங்களும் குடிங்க, எட்டாவது" என்றாள். பிறகு அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட நிறையச் சொல்லணும்."

டீ வந்தது. அவள் அடிவாரக் குடிசையிலிருந்து ஆரம்பித்தாள். அதைச் சொல்லி முடிக்கவே டீ தீர்ந்துவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டியிருந்ததால், மீதியை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். எதிர்க்காற்றில் பாதி கேட்கவில்லை என்று அவர் வேகத்தைக் குறைத்தார். இன்னும் கொஞ்சம் குறைத்தார். பின்னால் வந்த சைக்கிள்காரர் ஒருவர் மணி அடித்து அவர்களைத் தாண்டிப் போனார்.